காசி முதல் நாளந்தா வரை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் யாத்திரைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் நம் குடியிருப்பிலிருந்து 42 பேர் ஒரு பேருந்தில் புறப்பட்டு, ஏழு நாட்களில் காசி, சாரநாதம், கயை, புத்தகயை, இராஜகிருகம், நாளந்தா ஆகிய தலங்களைக் கண்டு நலமுடன் மீண்டோம். கண்டவற்றை இம்மன்றத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்று செயலாளர் பணித்தார். கண்டவற்றைக் கூறுதல் எளிது. கோபுரத்தின் உயரத்தையும் அது எழுந்த ஆண்டையும் நூல்களில் எவரும் படித்தறியலாம். ஆனால் அங்கே நாங்கள் கேட்டவையும், இங்கே இத்தனை ஆண்டுகளாக நாம் கேளாமல் விட்டவையும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் இவ்வுரை முழுமை பெறாது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகின்றோம். இந்த யாத்திரை பூசலில் தொடங்கிற்று. மூத்தோர் காசிக்கும் கயைக்கும் மட்டுமே செல்லவேண்டும் என்றனர். இளைஞர் சாரநாதமும் நாளந்தாவும் காணாமல் திரும்புவதா என்றனர். “பிதிர்க்கடன் தீர்க்கப் போகிறோம், இடிந்த செங்கல்லைப் பார்க்கப் போகவில்லை” என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சற்றுக் கடிந்தே பேசினார். பொருளாளர் வரைபடத்தை விரித்து, எல்லா ஊர்களும் ஏறக்குறைய ஒரே வழியில் இருப்பதையும், கூடுதற் செலவு மிகுதி இல்லை என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கினால் மனத்தாங்கல் தீர்வதில்லை. இரவு பத்து மணி கடந்தும் கூட்டம் முடியவில்லை.

அப்பொழுது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் எழுந்தார். நம் நூலகத்தைப் பல்லாண்டுகளாகக் கண்ணும் கருத்துமாகப் பேணி வருபவர் அவர். “காசியில் நான் உங்களோடு கங்கையில் நீராடுகிறேன். புத்தகயைக்கு நீங்கள் என்னோடு வாருங்கள். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் காசி” என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.

மன்றம் அடங்கிற்று. அவர் பௌத்தர் என்பதை நம்மில் மிகப் பெரும்பாலோர் அன்றுதான் அறிந்தோம். அவருடைய பாட்டனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை சுரங்கப் பகுதியில் பரவியபோது, அதில் சேர்ந்து திரிசரணம் ஏற்றவர். மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தின் சமயம் அதுவே. இந்தக் குடியிருப்பில் அவர்கள் 26 ஆண்டுகளாக வாழ்கின்றனர். பொங்கல் விழாவுக்கு அவர்களிடம் சந்தா பெற்றோம். கந்தசஷ்டி உற்சவத்தின் வரவு செலவை அவரிடமே எழுதக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் என்ன வழிபாடு என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை.

பூசல் அன்றிரவே தீர்ந்தது. இரண்டையும் காண்பது என்று முடிவாயிற்று. முன்னோர் வகுத்த முறைப்படி காசி முதலிலும் கயை அதன் பின்னரும் அமைய வேண்டும் என்ற மூத்தோர் விருப்பமும் ஏற்கப்பட்டது.

எங்களுடன் வந்தவர்களுள் மற்றொருவரைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆனவர். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரே மகனையும் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். அவர் இசைவைப் பெற்றே இதனைக் கூறுகின்றோம். பெயரை இங்குச் சொல்லப் போவதில்லை, நீங்கள் அறிவீர்கள். பெயர்ப் பட்டியல் தயாரித்த நாளில் அவர் வந்து பணத்தைக் கட்டினார். வேறொன்றும் பேசவில்லை.

எங்கள் பேருந்து கிராண்ட் டிரங்க் சாலை வழியாக மேற்கு நோக்கி ஓடியது. டெகிரி என்னுமிடத்தில் சோணையாற்றைக் கடந்தோம். சாசாராமில் சேர்ஷா மன்னரின் கல்லறை ஏரி நடுவே நிற்கிறது. இந்தப் பெருஞ்சாலையைச் செப்பனிட்டு வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் அமைத்தவர் அவர். அவரை நினைத்துக்கொண்டே காசியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

காசியில் இறங்கியதும் காதில் விழுந்தது தமிழ்! அனுமான் கட்டம், கேதார கட்டம் ஆகிய பகுதிகளில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டு எங்கள் குழந்தைகள் வியந்தனர். நமக்கு முன் வடக்கே வந்து குடியேறியோர் எத்தனை பேர்! குமரகுருபர அடிகள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து மடம் நிறுவினார். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள்கள் செல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. தந்தையை இழந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதி அத்தை வீட்டுக்கு வந்து, 1898 முதல் 1902 வரை இந்தத் தெருக்களில்தாம் வாழ்ந்தார். சோறும் கல்வியும் தேடி வடக்கே வந்த தமிழர் வரிசையில் நாம் மிகப் பிந்தியவர்கள் என்பதை உணர்ந்தோம்.

மறுநாள் விடியலில் கங்கையில் நீராடினோம். பௌத்த அன்பரும் சொன்ன சொல் தவறாமல் எங்களோடு மூன்று முறை மூழ்கி எழுந்தார். பின்னர் விசுவநாதரைத் தரிசித்தோம். இன்று நாம் காணும் திருக்கோயில் 1780-இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. 2021-இல் ஆற்றங்கரை வரை விரிவாக்கிய வளாகத்தில் அவ்வரசியின் சிலை நிற்கிறது. அவரது வரலாற்றை எங்கள் வழிகாட்டி கூறினார். கயையைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாவற்றையும் இந்தியிலேயே நிதானமாகச் சொல்லுவார். நாங்கள் மூத்தோருக்குத் தமிழில் சொல்லுவோம். அகல்யாபாய் 1754-இல் போர்க்களத்தில் கணவனை இழந்தார். 1766-இல் துணையாய் நின்ற மாமனாரை இழந்தார். 1767-இல் ஒரே மகனையும் இழந்தார். அதன் பின்னரே ஆட்சியை ஏற்று, நாடெங்கும் கோயில்களும் படித்துறைகளும் சத்திரங்களும் கட்டினார். இதனைக் கேட்ட அவ்வம்மையார் சிலையின் முன் நின்றுவிட்டார். நாங்கள் அனைவரும் வெளியே வந்து செருப்பணிந்த பின்னும் அவர் வரவில்லை. ஒருவர் சென்று அழைத்து வந்தார். அப்பொழுதும் நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

காசியிலிருந்து சாரநாதம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். புத்தர் பெருமான் தம் முதல் ஐந்து மாணவர்க்கு அறம் உரைத்த மான் பூங்கா அது. தமேக் தூபி என்னும் உருண்ட பெருங்கட்டடம் 28 மீட்டர் விட்டத்துடன் நிமிர்ந்து நிற்கிறது. 1904–05 அகழ்வில் கிடைத்த அசோகரின் நான்முகச் சிங்கத் தலைப்பை அங்குள்ள அருங்காட்சியகத்தில் கண்டோம். 1950 ஜனவரி 26 முதல் அதுவே நம் நாட்டின் சின்னம். ரூபாய் நோட்டிலும் அரசு முத்திரையிலும் நாள்தோறும் பார்த்த உருவத்தைக் கல்லில் நேரே கண்டபோது, பிள்ளைகள் தங்கள் பையிலிருந்த நாணயங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர்.

ஆனால் எங்களை நிறுத்தி வைத்த இடம் வேறொன்று. தமேக் தூபிக்குச் சற்றுத் தொலைவில் தரையோடு தரையாக ஒரு வட்டமான அடித்தளம் உள்ளது. தர்மராஜிகத் தூபி நின்ற இடம் அது. காசி நகரில் ஒரு சந்தை கட்டுவதற்காக, திவான் ஜகத்சிங் என்பவரின் ஆட்கள் 1794-இல் இத்தூபியைப் பிரித்துச் செங்கற்களை எடுத்துச் சென்றனர். அப்போது உள்ளே ஒரு கற்பெட்டியும், அதனுள் பச்சைப் பளிங்குப் பேழையும், பேழைக்குள் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. எடுத்தவர்கள் அவற்றைக் குப்பையில் எறியவில்லை. தங்கள் வழக்கப்படி கங்கையில் கரைத்தனர். அவை புத்தர் பெருமானுடைய எலும்புகளாகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

“மரியாதையோடுதான் செய்திருக்கிறார்கள். நம் வீட்டு அஸ்தியைப் போலவே நினைத்துக் கரைத்திருக்கிறார்கள்” என்று எங்களில் ஒருவர் கூறினார். “ஆம், குறை சொல்ல மாட்டேன். யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை” என்றார் பௌத்த அன்பர். அவர் குரலில் சினம் இல்லை. ஆயினும் அச்சொல் எங்கள் உள்ளத்தில் தைத்தது. அது 1794-ஆம் ஆண்டைப் பற்றி மட்டும் சொன்ன சொல்லாக எங்களுக்குத் தோன்றவில்லை.

சாரநாதத்தில் 1931-இல் திறக்கப்பெற்ற மூலகந்தகுடி விகாரையின் அருகே ஓர் அரசமரம் நிற்கிறது. அதன் கதை நம் போன்றோர் அறியத்தக்கது. அசோகர் காலத்தில் புத்தகயைப் போதிமரத்தின் கிளையொன்று இலங்கையின் அநுராதபுரத்துக்குச் சென்றது. தாய்மரம் பிறந்த மண்ணில் பலமுறை அழிவுற்றது. பெயர்ந்து சென்ற கிளை அயல்மண்ணில் வேரூன்றி இன்றும் வாழ்கிறது. அநுராதபுரத்து மரத்தின் கன்றே கடல் கடந்து மீண்டு வந்து சாரநாதத்தில் நடப்பெற்றது. ஊரைவிட்டுப் பெயர்ந்தது ஊரை மறப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நான்காம் நாள் கயையை அடைந்தோம். பல்குனி ஆறு நீரை மணலுக்கடியில் மறைத்து ஓடுவது என்று கேட்டிருக்கின்றோம். இன்று விஷ்ணுபாதத் திருக்கோயிலின் அருகே 2022-இல் கட்டிய ரப்பர் அணை நீரைத் தேக்கி நிறுத்துகிறது. மணலைத் தோண்டி நீர் எடுத்த முன்னைய யாத்திரிகர் கண்டால் வியப்பர். விஷ்ணுபாதக் கோயிலும் அகல்யாபாய் அரசி கட்டியதே, 1787-இல் நிறைவுற்றது.

பல்குனிக் கரையிலும், விஷ்ணு பாதத்திலும், அட்சய வடத்தின் அடியிலும் மூத்தோர் முறைப்படி கடன் ஆற்றினர். கயையில் தமக்கு விருப்பமான காயொன்றையும் கனியொன்றையும் இலையொன்றையும் துறந்து வருதல் வழக்கம். ஒரு பெரியவர் தாம் பாகற்காயைத் துறந்ததாக அறிவித்தார். “நாற்பது வருஷமாக அதைத் தொட்டதே இல்லையே!” என்று அவர் துணைவியார் உடனே உரைக்க, அட்சய வடத்தின் அடியிலும் சிரிப்பெழுந்தது. பின்னர் அவர் நாணி, மாம்பழத்தைத் துறந்தார்.

அன்று நடந்த சடங்குகளுள் தாய்க்கு இடும் பதினாறு பிண்டங்களை நாங்கள் மறக்க இயலாது. கருவுற்ற நாள் முதல் தாய் பட்ட துன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிண்டம் இட்டு மகன் பொறுத்தருள வேண்டுகின்றான். சுமந்த பாரத்துக்கு ஒன்று. ஈன்ற வேதனைக்கு ஒன்று. உறங்காத இரவுகளுக்கு ஒன்று. ஆலையில் ஆயிரம் பேரை ஆண்டு ஓய்வு பெற்ற அதிகாரிகளும் தோளை நனைத்து அழுதனர். அவர்களுக்குப் பின்னே அவ்வம்மையார் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மகனுக்குப் பிண்டமிட வேண்டும். தாமே செய்து வைப்பதாக ஓர் இளைஞர் முன்வந்தார். கயையில் எவரும் எவர்க்காகவும் பிண்டமிடலாம். உறவு வேண்டுவதில்லை என்பர். அம்மையார் அவர் கையைப் பற்றி, “தம்பி, என் கையால் போட வேண்டும்” என்றார். நாங்கள் புரோகிதர் முகத்தைப் பார்த்தோம். அவர் சற்றே சிந்தித்துவிட்டு, “இந்தக் கயையில் தசரத மன்னனுக்கு முதலில் பிண்டமிட்டவர் யார்? சீதாதேவி அல்லவா! இராமர் வருமுன் மணலையே பிண்டமாகப் பிடித்து அவர் இட்டார். மன்னன் கை நீட்டிப் பெற்றான். வாருங்கள் அம்மா” என்றார். அணையை ஒட்டிய நடைபாலத்தின் வழியே அக்கரையிலுள்ள சீதா குண்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே அம்மையார் மணற் பிண்டம் பிடித்து, மகன் பெயரை உரக்கச் சொல்லி இட்டார். அப்பெயரை நாங்கள் செவியால் கேட்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

கயையிலிருந்து புத்தகயை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. சாலையின் கீழ்ப்புறம் ஆறு கூடவே வருகிறது. “காலையில் நீங்கள் பிண்டம் கரைத்த ஆறுதான் இது. இங்கே இதற்கு நிரஞ்சனை என்று பெயர். இதன் கரையில்தான் சுஜாதை பாலன்னம் அளித்தாள். வழியில் மோகனை என்னும் ஆறு கலந்தபின் பல்குனி என்று பெயர் பெற்றுக் கயைக்குப் போகிறது” என்றார் வழிகாட்டி. செங்கல்லைப் பார்க்க வரவில்லை என்று அன்று கடிந்துரைத்த மூத்த உறுப்பினர் சன்னல் வழியே ஆற்றையே நோக்கியபடி வந்தார்.

மகாபோதிக் கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். 1880-களில் கன்னிங்காம் முதலியோர் பழுது பார்த்தனர். முன்னிருந்த போதிமரம் 1876-இல் புயலில் சாய்ந்தது. இப்போதுள்ளது 1881-இல் நட்டது. கயா யாத்திரை செய்யும் இந்துக்கள் இங்கு வந்து போதிமரத்தை வணங்கிப் பிண்டமிடுவதும் பழைய வழக்கமே. ஆதலின் இக்கோயிலை யார் நிர்வகிப்பது என்னும் வழக்கும் நெடியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு, பௌத்தர் நால்வரும் இந்துக்கள் நால்வரும் அமர்ந்த குழு இதனை நடத்தி வருகிறது. முழு நிர்வாகமும் பௌத்தரிடமே வரவேண்டும் என்று கோரி 2025-இல் பிக்குகள் இங்கு உண்ணாநோன்பு இருந்தனர். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு தலத்தை ஒருவர் ‘நம்முடையது’ என்னும்போது, மற்றவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று கேட்டறிவது முதற்கடமை என்பதை அங்கே உணர்ந்தோம்.

பௌத்த அன்பர் மரத்தடியில் அமர்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு பழைய நூலை எடுத்தார். அயோத்திதாசரின் ‘புத்தரது ஆதிவேதம்’. ஓரங்கள் பொடிந்திருந்தன. அவருடைய பாட்டனார் சுரங்கத்து வேலை முடிந்து இரவில் விளக்கடியில் படித்த படி அது. புத்தகயையைக் காண வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் எண்ணி, பணமும் விடுப்பும் ஒருசேரக் கிட்டாமலே அவர் மறைந்தார். பேரர் நூலைக் கண்களில் ஒற்றி, மரத்தைச் சுற்றிய வேலியின் அருகே சிறிது நேரம் வைத்திருந்து எடுத்துக்கொண்டார்.

நம் மூத்த உறுப்பினர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “உங்கள் பாட்டனார் பெயர் என்ன?” என்று கேட்டார். 26 ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்ட கேள்வி! அன்பர் பெயரைச் சொன்னார். பின் அவரது ஊர், சுரங்கத்தின் ஆழம், அவர் இருமல், அவர் படித்த பாங்கு எல்லாவற்றையும் சொன்னார். கோயில் அடைக்கும் நேரம் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் இராஜகிருகம் நோக்கிப் பேருந்து செல்லும்போது, வழிகாட்டி கிசா கோதமியின் கதையைத் தொடங்கினார். நீங்கள் அறிந்த கதைதான். மகனை இழந்த தாய் அவன் உடலைச் சுமந்துகொண்டு மருந்து தேடி அலைகின்றாள். சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வருமாறு புத்தர் கூறுகின்றார். தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். யாரை நினைத்து நிறுத்தினார் என்பது பேருந்தில் இருந்த அனைவர்க்கும் தெரியும். எல்லோரும் வெளியே பார்த்தோம்.

“ஏன் நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்” என்றார் அம்மையார். கதை முடிந்தது. சிறிது நேரம் கழித்து அவரே பேசினார்.

“அவளுக்குக் கடுகு கிடைக்கவில்லை, சரி. ஆனால் அவள் போய் நின்ற ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் திறந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா போனார், எங்கள் வீட்டில் பிள்ளை போனான் என்று அவளிடம் சொன்னார்கள். என் வீட்டுக்குப் பதினாறு நாள் எல்லோரும் வந்தீர்கள். சோறு கொண்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. பால் வாங்கும் இடத்தில் என்னைப் பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அழுதுவிடுவேன் என்று பயமா? அழுதால் என்ன?”

பெரியோர்களே! இது எங்கள் 42 பேருக்கு மட்டும் சொன்ன சொல்லன்று. இம்மன்றத்துக்கே சொன்ன சொல். அந்த மரணம் நேர்ந்தபோது நம் சங்கம் குறைவின்றித் தொண்டாற்றியது. ஊர்தி ஏற்பாடு செய்தோம், உறவினரை வரவேற்றோம், இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். அத்துடன் கடமை முடிந்தது என்று கருதினோம். துயரத்தை நினைவூட்டலாகாது என்னும் நல்லெண்ணத்தாலேயே வாய் மூடினோம். அவர் ஒருகணமேனும் மறந்திருந்தாரென்றால் அன்றோ நாம் நினைவூட்ட முடியும்!

பேருந்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. முதலில் பேசியவர் நம் மூத்த உறுப்பினர். அவர் இந்நகருக்கு வேலைக்கு வந்த மறு ஆண்டு, ஊரில் தம்பி இறந்ததாகத் தந்தி வந்தது. இரண்டு பகல் இரண்டு இரவு புகைவண்டியில் சென்று வீட்டை அடைந்தபோது, திண்ணையைக் கழுவி விட்டிருந்தார்கள். தம்பி முகத்தை அவர் காணவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அதை ஒருவரிடமும் கூறியதில்லை என்றார். அதன்பின் ஒருவர் தாயைப் பற்றிச் சொன்னார்; ஒருவர் பிறந்த மூன்றாம் நாள் மறைந்த மகளைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு சிறிய பேருந்தில் கடுகு தரத்தக்க இருக்கை ஒன்றும் இல்லை. தந்திச் சேவை 2013-இல் முடிவுற்றது. இன்று செய்தி நொடியில் வந்துவிடுகிறது. நாம் போய்ச் சேர்வதற்குத்தான் இன்னும் நாளாகிறது. ஊரிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் காணாமற்போன முகம் ஒன்று உண்டு.

இராஜகிருகத்தில் வெந்நீர் ஊற்றுகளையும், புத்தர் தங்கியிருந்த கழுகுமலையையும் கண்டோம். நாளந்தாவில் நெடிய செங்கல் விகாரைகளின் இடையே நடந்தோம். 5-ஆம் நூற்றாண்டில் குப்த மன்னர் காலத்தில் தொடங்கிய அப்பெருங்கழகத்துக்கு 7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து யுவான் சுவாங் வந்தார். அவருக்கு ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரருக்கு ஆசிரியர் தர்மபாலர். அவர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்து, இங்கு வந்து நாளந்தாவின் தலைமையேற்றவர். “அப்படியானால் இந்த மாநிலத்துத் தமிழ்ச் சங்கத்துக்கு முதல் தலைவர் அவரே!” என்று எங்கள் பொருளாளர் கூறினார். காஞ்சியில் பௌத்தம் தழைத்த காலத்தைச் சொல்லும் மணிமேகலையை நாம் தமிழின் பெருங்காப்பியம் என்று மேடைதோறும் பாராட்டுகின்றோம். அக்காப்பியத்தின் சமயத்தார் ஒருவர் நம் நூலகத்திலேயே அமர்ந்திருப்பதை அறியாதிருந்தோம்.

அடுத்த முறை செல்வோர்க்குச் சில குறிப்புகள். ஐப்பசி முதல் மாசி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் பேருந்தைத் தாமதப்படுத்தும். மகாபோதிக் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல இடமில்லை. வாயிலில் ஒப்படைக்க வேண்டும். கயையில் சடங்குக்கான தட்சிணையை முன்னரே பேசி முடிவு செய்துகொள்க. முதியோர் உடன் வருவராயின் நாளுக்கு ஓர் ஊர் போதும். அரிசியும் சாம்பார்ப் பொடியும் நாங்கள் மிகுதியாகவே கொண்டு சென்றோம். வழிகாட்டியும் ஓட்டுநரும் நம் இரசத்துக்கு அடிமையாயினர்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தீர்மானமாக இதனை முன்மொழிய வேண்டா. தீர்மானங்கள் நம்மிடம் நிறைய உள்ளன. இக்குடியிருப்பில் ஒரு மரணம் நேர்ந்தால், பதினாறாம் நாளுக்குப் பின்னும் அவ்வீட்டுக் கதவை நாம் தட்டுவோம். சென்றவர் பெயரைச் சொல்லிப் பேசுவோம். நம் வீட்டில் சென்றவரைப் பற்றியும் சொல்லுவோம். பக்கத்து வீட்டார் எதை வணங்குகின்றனர், அவர் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று கேட்போம்.

நாங்கள் திரும்பி வந்த மறுவாரம், நம் மூத்த உறுப்பினர் அம்மையார் வீட்டுக்குச் சென்றார். மகனுடைய பள்ளிப் புகைப்படங்களை அம்மையார் எடுத்துக் காட்டினார். அன்று மாலை வரை பேசினார்களாம். இடையில் இருவரும் அழுதார்களாம். ஞாயிற்றுக்கிழமை எங்களையும் வரச் சொல்லியிருக்கின்றார். போகின்றோம்.